ஜெர்மன் கிளப் ஒன்றின் சீசனை முதல்முறையாகப் பின்தொடர: லெவர்குசனின் 2023-24ஐ வைத்து ஒரு வழிகாட்டி

ஐரோப்பியக் கால்பந்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் குழம்புகிறார்கள். வியாழக்கிழமை இரவு நாம் பார்க்கிற அணி ஒரு லண்டன் அணியோடு மோதுகிறது. ஞாயிற்றுக்கிழமை அதே அணி ஜெர்மனிக்குள் இன்னொரு அணியோடு ஆடுகிறது. சில வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டாம் டிவிஷன் அணியோடு ஓர் ஆட்டம். இதில் எது எந்தக் கோப்பைக்கு? எதில் டிரா ஆனாலும் பரவாயில்லை, எதில் தோற்றால் அன்றோடு சரி? ஆட்டம் புரிந்துவிடுகிறது, சீசன்தான் பிடிபட மாட்டேன் என்கிறது.

இதைப் பொதுவாக விளக்குவதைவிட ஒரு கிளப்பின் ஒரே ஒரு சீசனைக் கையில் எடுத்துக்கொண்டு போவது சுலபம். நான் எடுத்துக்கொள்வது பேயர் லெவர்குசன் அணியின் 2023-24. அந்த வருடம் அவர்கள் லீக்கில் 34, ஜெர்மன் கோப்பையில் 6, யூரோப்பா லீக்கில் 13 என மொத்தம் 53 ஆட்டம் ஆடினார்கள். 43 வெற்றி, 9 டிரா, 1 தோல்வி. மூன்று போட்டிகளிலும் கடைசி நாள் வரை களத்தில் இருந்ததால், ஒரு ஜெர்மன் கிளப்புக்கு ஒரு சீசனில் என்னென்ன நேரலாம் என்பது கிட்டத்தட்ட முழுசாக அதற்குள் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் டோர்ட்முண்ட், ஃபிராங்க்ஃபர்ட், ஃப்ரைபர்க் என எந்த அணியையும் நீங்களே பின்தொடரலாம்.

முதலில் கிளப்பின் பழைய கணக்கைப் பாருங்கள்

சீசன் தொடங்குவதற்கு முன்பு ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த கிளப்பின் வரலாற்றைப் படித்துவிடுங்கள். இது ஆர்வத்துக்காகச் செய்கிற வேலை மட்டுமில்லை. மைதானத்தில் இருக்கிற ஆட்கள் ஏன் அப்படி அழுகிறார்கள், ஏன் அப்படிச் சிரிக்கிறார்கள் என்பதற்குப் பதில் அங்கேதான் இருக்கும்.

லெவர்குசன் ரைன் நதிக்கரையில், கொலோனை ஒட்டி இருக்கிற ஊர். பேயர் மருந்துக் கம்பெனியின் தொழிலாளர்களுக்காக 1904இல் தொடங்கிய கிளப் இது. ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் ஓட்டுரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. லெவர்குசனும் வோல்ஃப்ஸ்பர்கும் அதற்கு விலக்கு பெற்றவை. அதனால் மற்ற ஊர் ரசிகர்களில் ஒரு பகுதியினர் இவர்களைக் 'கம்பெனி டீம்' என்று குறைத்துப் பேசுவார்கள். இவர்களுடைய பேஅரீனா மைதானத்தில் 30,210 பேருக்குத்தான் இடம் உண்டு. டோர்ட்முண்டில் 81,000க்கு மேல். அளவில் பெரிய கிளப் இல்லை என்பதை மனதில் வையுங்கள்.

2024க்கு முன்பு இவர்களிடம் இருந்த பெரிய கோப்பைகள் இரண்டே இரண்டு: 1988இல் யூஃபா கோப்பை, 1993இல் ஜெர்மன் கோப்பை. லீக்கில் ஐந்து முறை இரண்டாம் இடம். 2000ஆம் ஆண்டு கடைசி ஆட்டத்தில் ஒரு டிரா போதும் என்ற நிலையில் உன்டர்ஹாக்கிங் என்ற சிறிய அணியிடம் 2-0 என்று தோற்று, பட்டத்தை பேயர்ன் மியூனிக்குக்குக் கொடுத்தார்கள். 2002 இன்னும் கொடுமை. லீக்கில் ஒரு புள்ளியில் டோர்ட்முண்டிடம் கோட்டை விட்டார்கள், ஜெர்மன் கோப்பை இறுதியில் ஷால்கேயிடம் தோல்வி, சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் தோல்வி. மூன்றும் ஒரே மாதத்தில். எப்போதும் இரண்டாமிடம் என்ற கேலிப் பெயர் அப்போது ஒட்டியது, இருபது வருடத்துக்கு மேல் கழற்ற முடியவில்லை.

அப்புறம் அதற்கு முந்தைய ஒரு சீசனையும் பாருங்கள். 2022 அக்டோபரில் ஷாபி அலோன்சோ பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது அணி 17ஆம் இடத்தில் கிடந்தது. அந்த சீசனை 6ஆம் இடத்தில் முடித்தார். அந்த 6ஆம் இடம்தான் 2023-24இல் யூரோப்பா லீக்கில் ஆடும் வாய்ப்பைக் கொடுத்தது. இந்த வருடம் எந்த ஐரோப்பியப் போட்டி என்பதைத் தீர்மானிப்பது போன வருட லீக் என்பது புதியவர்கள் அடிக்கடி கவனிக்காமல் விடுகிற விஷயம்.

மூன்று போட்டிகளையும் தனித்தனியாக மனதில் பிரித்து வையுங்கள்

ஜெர்மனியின் முதல் டிவிஷன் லீக்கான புண்டெஸ்லிகாதான் முதுகெலும்பு. 18 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற 17 அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி மைதானத்தில் ஒன்று என 34 ஆட்டம். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. கடைசியில் இறுதிப்போட்டி, பிளேஆஃப் எதுவும் இல்லை. மே மாதத்தில் அட்டவணையின் உச்சியில் யார் இருக்கிறார்களோ அவர்களே சாம்பியன். புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள். கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் செய்கிற வேலையை இங்கே அது செய்கிறது. 2000இல் பேயர்னும் லெவர்குசனும் 73 புள்ளியில் சமமாக நின்றபோது பட்டத்தை முடிவுசெய்தது அதுதான்.

கீழே 17, 18ஆம் இடங்கள் நேராக இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும். 16ஆம் இடம் இரண்டாம் டிவிஷனின் மூன்றாம் அணியோடு இரண்டு ஆட்டம் ஆடித் தப்பிக்கப் பார்க்கும். 2024இல் அந்த நிலைக்கு வந்தது போகம். சொந்த மண்ணில் டூசெல்டார்ஃபிடம் 0-3 என்று தோற்று, அவர்கள் ஊருக்குப் போய் 3-0 என்று திருப்பி அடித்து, பெனால்டி ஷூட்அவுட்டில் பிழைத்தார்கள். நீங்கள் பின்தொடர்கிற அணி மேலே இருந்தாலும் இந்தக் கீழ்க்கோடியையும் ஒரு கண் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பிழைக்கப் போராடும் அணியோடு மோதுவது, நடுவில் நிம்மதியாக இருக்கிற அணியோடு மோதுவதைவிடக் கஷ்டம்.

இரண்டாவது டிஎஃப்பி போக்கால், அதாவது ஜெர்மன் கோப்பை. 64 அணிகள். மேல் இரண்டு டிவிஷன்களின் 36 அணிகளும் உண்டு. மிச்ச இடங்கள் மூன்றாம் டிவிஷனின் முன்னணி அணிகளுக்கும், மாநில அளவில் கோப்பை வென்று வருகிற சிறிய அணிகளுக்கும். ஒரே ஆட்டம், தோற்றால் வெளியே. 90 நிமிடத்தில் முடிவு இல்லையென்றால் கூடுதல் நேரம், அதிலும் இல்லையென்றால் பெனால்டி. ஆறு வெற்றி பெற்றால் கோப்பை கையில். ஒவ்வொரு சுற்றுக்கும் தனியாகக் குலுக்கல் நடக்கும், ஆகவே அரையிறுதியில் யாரோடு என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியாது. தொடக்கச் சுற்றுகளில் சிறிய அணிக்கே சொந்த மைதானம் கிடைக்கும் என்பதுதான் இதன் அழகு.

என்னைக் கேட்டால் புதியவர்கள் முதலில் காதலிக்க வேண்டியது இந்தக் கோப்பையைத்தான். 2023 நவம்பர் 1 அன்று மூன்றாம் டிவிஷன் அணியான ஸார்புருக்கன், பேயர்ன் மியூனிக்கைக் கடைசி நொடிகளில் விழுந்த கோலால் 2-1 என்று வெளியேற்றியது. அதோடு நிற்காமல் ஃபிராங்க்ஃபர்ட்டையும் க்ளாட்பாக்கையும் வீழ்த்தி அரையிறுதி வரை போனது. லெவர்குசனின் பாதையும் பாருங்கள்: ஹாம்பர்கின் டியூட்டோனியா ஒட்டென்சன் 8-0, ஸாண்ட்ஹவுசன் 5-2, பாடர்போர்ன் 3-1, ஸ்டுட்கார்ட் 3-2, டூசெல்டார்ஃப் 4-0, இறுதியில் கைசர்ஸ்லவுட்டர்ன் 1-0. இதில் முதல் டிவிஷன் அணி ஸ்டுட்கார்ட் ஒன்றுதான். அந்தக் காலிறுதியில் ஸ்டுட்கார்ட் இரண்டு முறை முன்னிலை பெற்றது, இரண்டு முறையும் லெவர்குசன் சமன் செய்தது, 90ஆம் நிமிடத்தில் யோனத்தான் டா தலையால் அடித்து முடித்தார். கோப்பை வென்ற கதையில் உண்மையான மலை ஏற்றம் அந்த ஒரு மாலைதான். குலுக்கல் அதிர்ஷ்டத்துக்கும் இந்தப் போட்டியில் பெரிய பங்கு இருக்கிறது, அதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம்.

மூன்றாவது ஐரோப்பா. இங்கே மூன்று அடுக்கு: சாம்பியன்ஸ் லீக், அதற்குக் கீழே யூரோப்பா லீக், அதற்கும் கீழே கான்ஃபரன்ஸ் லீக். 2023-24 வரை நான்கு நான்கு அணிகளாகப் பிரிந்து ஆடினார்கள். லெவர்குசனின் குழுவில் அஜர்பைஜானின் கராபாக், நார்வேயின் மோல்டே, ஸ்வீடனின் ஹெக்கன். ஆறு ஆட்டமும் வெற்றி. 2024-25இலிருந்து முறை மாறிவிட்டது. இப்போது 36 அணிகளும் ஒரே அட்டவணையில் இருக்கும். சாம்பியன்ஸ் லீக்கிலும் யூரோப்பா லீக்கிலும் ஒவ்வொரு அணியும் எட்டு வெவ்வேறு அணிகளோடு ஒவ்வோர் ஆட்டம் ஆடும். முதல் 8 இடங்கள் நேராகக் கடைசி 16க்குப் போகும், 9 முதல் 24 வரை உள்ளவை பிளேஆஃப் ஆட வேண்டும், அதற்குக் கீழே இருந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இறுதி தவிர மற்ற நாக்அவுட் சுற்றுகளில் ஒரே எதிரணியோடு ஆடுகிற இரண்டு ஆட்டங்களின் கோல்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற பழைய விதி 2021-22இலிருந்து இல்லை. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அந்தக் கணக்கைப் போட்டுக் குழம்பாதீர்கள்.

நாட்காட்டியும் தூக்கமும்

சரி, எப்போது பார்ப்பது? புண்டெஸ்லிகா ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும், நடுவில் கிறிஸ்துமஸை ஒட்டி ஓய்வு. வெள்ளி இரவு ஓர் ஆட்டம், சனி மாலை ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள், சனி இரவு ஒன்று, ஞாயிறு மிச்சம்.

ஜெர்மனியில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து பார்த்தால், அவர்களுடைய சனி மாலை 3:30 ஆட்டம் கோடையில் நமக்கு இரவு 7 மணி, குளிர்காலத்தில் 8 மணி. வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்து பார்க்க இதைவிட வசதியான நேரம் ஐரோப்பியக் கால்பந்தில் குறைவு. வெள்ளி இரவு 8:30 ஆட்டம் நமக்கு நள்ளிரவு 12 அல்லது 1 மணி. யூரோப்பா லீக் வியாழக்கிழமைகளில். மாலை 6:45 ஆட்டம் என்றால் நமக்கு இரவு 10:15 அல்லது 11:15, இரவு 9 மணி ஆட்டம் என்றால் நள்ளிரவு 12:30 அல்லது 1:30. மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் முதல் ஆட்டத்தைத் தவறவிட்டாலும், கூட்டுக் கோல் சமமாக இருக்கிற இரண்டாவது ஆட்டத்தை விழித்திருந்து பாருங்கள்.

கோடையில் அட்டவணை வெளிவரும்போது அதில் வார இறுதி மட்டும்தான் உறுதி. எந்த நாள், எத்தனை மணி என்பதைப் பின்னால் பகுதி பகுதியாக அறிவிப்பார்கள். வியாழன் ஐரோப்பாவில் ஆடுகிற அணியை ஞாயிறுக்குத் தள்ளுவது இப்படித்தான். ஆகவே ஜூலையிலேயே கைபேசியில் 34 ஆட்டத்துக்கும் நேரம் குறித்து வைக்காதீர்கள். கடைசி வார ஒன்பது ஆட்டங்கள் மட்டும் சனிக்கிழமை மாலை ஒரே நேரத்தில் நடக்கும், அதில் மாற்றமில்லை. ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு, சில வருடத்துக்கு ஒருமுறை மாறும்; ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தனி ஆட்டத்தை விட்டு வாரத்தைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் ஆடுகிற ஒரு கிளப்பை மதிப்பிட ஒரு ஆட்டத்தின் ஸ்கோர் போதாது. வியாழன் யார் ஆடினார்கள், ஞாயிறு யார் உட்கார்ந்தார்கள், 60ஆம் நிமிடத்தில் யார் இறங்கினார்கள் என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2024 ஏப்ரலின் ஒரு வாரத்தைப் பாருங்கள். ஏப்ரல் 11, வியாழன்: பேஅரீனாவில் வெஸ்ட் ஹாமோடு யூரோப்பா லீக் காலிறுதியின் முதல் ஆட்டம். 80 நிமிடம் தாண்டியும் கோல் இல்லை. 83ஆம் நிமிடம் யோனாஸ் ஹோஃப்மன், 90 தாண்டியதும் விக்டர் போனிஃபேஸ். இருவருமே மாற்று ஆட்டக்காரர்களாக இறங்கியவர்கள். 2-0.

ஏப்ரல் 14, ஞாயிறு: வெர்டர் பிரேமன் வருகிறது. ஜெயித்தால் வரலாற்றில் முதல் லீக் பட்டம். இப்படி ஒரு நாளில் எந்தப் பயிற்சியாளரும் தன் சிறந்த ஆட்டக்காரரை முதல் நிமிடத்திலிருந்து இறக்குவார் என்று நினைப்போம். அலோன்சோ ஃப்ளோரியான் விர்ட்ஸை பெஞ்சில் உட்கார வைத்தார். முதல் பாதியில் போனிஃபேஸ் பெனால்டியில் ஒரு கோல். இடைவேளைக்குப் பிறகு விர்ட்ஸ் உள்ளே வந்தார். 60ஆம் நிமிடம் கிரானிட் ஜாக்கா தூரத்திலிருந்து அடித்தார், பிறகு விர்ட்ஸ் மட்டும் மூன்று. ஐந்தாவது கோல் விழுந்தபோது கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது, ஆட்டம் அங்கேயே முடிந்தது. 5-0.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 18 வியாழன், லண்டனில் இரண்டாவது ஆட்டம். 13ஆம் நிமிடத்திலேயே வெஸ்ட் ஹாம் கோல் போட்டது. 89ஆம் நிமிடம் ஜெரமி ஃப்ரிம்பாங் சமன் செய்தார், அரையிறுதி உறுதி. ஏப்ரல் 21 ஞாயிறு, டோர்ட்முண்டில் லீக் ஆட்டம். பட்டம் ஏற்கெனவே கையில். விட்டுக்கொடுத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. 90 நிமிடத்துக்கு மேல் நடுவர் சேர்த்த கூடுதல் ஏழாவது நிமிடத்தில் யோசிப் ஸ்டானிசிச் கோல் போட்டு 1-1. அடுத்த வாரம் ஸ்டுட்கார்டோடும் இதே கதை, கூடுதல் ஆறாவது நிமிடத்தில் ராபர்ட் ஆண்ட்ரிஷ், 2-2.

தனித்தனியாகப் பார்த்தால் இவை அதிர்ஷ்டம் போலத் தோன்றும். வாரமாகச் சேர்த்துப் பார்த்தால் பெஞ்ச் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். கடைசிப் பத்து நிமிடத்தில் எதிரணி ஆட்டக்காரர்கள் களைத்து நிற்கிறபோது இவர்களிடம் ஓடுவதற்குக் கால்கள் மிச்சம் இருந்தன. மார்ச்சில் கராபாக்கோடு நடந்த கடைசி 16 சுற்று இதன் உச்சம். பாக்கூவில் 0-2 பின்தங்கி 2-2. திரும்பி வந்து சொந்த மைதானத்திலும் 0-2. ஃப்ரிம்பாங் ஒன்றைத் திருப்பினார். பேட்ரிக் ஷிக் 90க்கு மேல் நடுவர் சேர்த்த மூன்றாம் நிமிடத்தில் ஒன்று, ஏழாம் நிமிடத்தில் இன்னொன்று. 3-2. அன்று ஷிக்கும் பெஞ்சிலிருந்து வந்தவர்தான்.

இதை நீங்களே கவனிக்கச் சுலபமான வழி உண்டு. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பு இரு அணிகளின் பதினொருவர் பட்டியல் வெளியாகும். போன ஆட்டத்தின் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, எத்தனை பேர் மாறியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கோல்கீப்பரிலிருந்து தொடங்குங்கள். லெவர்குசனில் லீக்குக்கு கேப்டன் லூகாஸ் ஹ்ராடெக்கி, யூரோப்பா லீக்கில் பெரும்பாலும் மட்டேய் கோவார்ஷ். பல ஜெர்மன் கிளப்புகளில் இப்படிக் கோப்பைக்குத் தனிக் கோல்கீப்பர் உண்டு. தெரியாதவர்கள் 'முதல் கீப்பருக்கு என்ன ஆச்சு' என்று பதறுவார்கள்.

மஞ்சள் அட்டைகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். புண்டெஸ்லிகாவில் ஐந்து மஞ்சள் என்றால் ஓர் ஆட்டம் தடை. ஐரோப்பியப் போட்டிகளில் மூன்றிலேயே தடை, ஆனால் காலிறுதி முடிந்ததும் பழைய மஞ்சள்கள் அழிந்துவிடும். ஒரு போட்டியில் வாங்கிய மஞ்சளின் கணக்கு இன்னொன்றில் சேராது.

ஜனவரியில் இன்னொரு சிக்கல்: ஆப்பிரிக்கக் கோப்பை. 2024இல் ஒடிலோன் கொசுனு ஐவரி கோஸ்டுக்கும், எட்மண்ட் டாப்சோபா புர்கினா ஃபாசோவுக்கும், அமின் அட்லி மொராக்கோவுக்கும் ஆடப் போனார்கள். நைஜீரியாவின் போனிஃபேஸ் அதற்கு முன்பே காயமடைந்து ஏப்ரல் வரை இல்லை. முன்வரிசைக்கு போர்ஹா இக்லெசியாஸைக் கடனுக்கு வாங்கினார்கள். அப்படி ஆள் குறைந்திருந்த காலத்தை ஒட்டித்தான், பிப்ரவரி 10 அன்று, பேயர்னை 3-0 என்று வீழ்த்தினார்கள். முதல் கோல் போட்ட ஸ்டானிசிச் பேயர்னிடமிருந்தே கடனுக்கு வந்தவர்! கடனுக்குப் போன ஆட்டக்காரர் சொந்த கிளப்புக்கு எதிராக ஆடலாமா என்பது நாட்டையும் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. இங்கே தடை இருக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஜெர்மன் பத்திரிகைகள், முக்கியமாக கிக்கர், ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போடும். அதில் 1 தான் மிகச் சிறப்பு, 6 மிக மோசம். 5 வாங்கியவரைப் பாராட்டிவிடாதீர்கள்.

அட்டவணையில் எதைப் படிக்க வேண்டும்

வசந்த காலம் வந்ததும் ஒரு கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்கிற ஆட்டங்களை 3 ஆல் பெருக்குங்கள். முன்னிலை அதைவிட அதிகம் என்றால் பட்டம் முடிந்தது. பிரேமன் ஆட்டம் முடிந்தபோது லெவர்குசனிடம் 79 புள்ளி, பேயர்னிடமும் ஸ்டுட்கார்டிடமும் 63. மிச்சம் ஐந்து ஆட்டம், அதாவது அதிகபட்சம் 15 புள்ளி. வித்தியாசம் 16. பேயர்ன் தொடர்ந்து பதினொரு வருடம் வைத்திருந்த பட்டம் அந்த ஒரு புள்ளியில் கைமாறியது. இறுதியில் லெவர்குசன் 28 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லாமல் 90 புள்ளியில் முடித்தது. புண்டெஸ்லிகா 1963இல் தொடங்கியதிலிருந்து ஒரு சீசனைத் தோல்வியின்றி முடித்த முதல் அணி.

ஆனால் பட்டம் மட்டுமே அட்டவணை இல்லை. வழக்கமாக முதல் நான்கு இடங்கள் அடுத்த வருட சாம்பியன்ஸ் லீக்குக்கு, ஐந்து யூரோப்பா லீக்குக்கு, ஆறு கான்ஃபரன்ஸ் லீக்குக்கு. ஜெர்மன் கோப்பை வென்றவருக்கு யூரோப்பா லீக்கில் ஓர் இடம் உண்டு. அவர்கள் ஏற்கெனவே மேலே தகுதி பெற்றிருந்தால் அந்த இடம் லீக் அட்டவணையில் கீழே இறங்கும். போதாக்குறைக்கு, ஐரோப்பாவில் அந்த வருடம் சிறப்பாக ஆடிய இரண்டு நாடுகளுக்குச் சாம்பியன்ஸ் லீக்கில் கூடுதலாக ஓர் இடம்.

2024இல் இது எப்படி முடிந்தது தெரியுமா? ஜெர்மனிக்கு அந்தக் கூடுதல் இடம் கிடைத்ததால் ஐந்தாவதாக வந்த டோர்ட்முண்ட் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனது. அதே டோர்ட்முண்ட் சாம்பியன்ஸ் லீக் இறுதிக்கும் வந்திருந்தது. அவர்கள் அதை வென்றிருந்தால், வெற்றியாளருக்கான இடம் தனியாகக் கிடைத்து, ஆறாவதாக வந்த ஃபிராங்க்ஃபர்ட்டும் சாம்பியன்ஸ் லீக்குக்கு ஏறியிருக்கும். வெம்ப்ளியில் ரியல் மாட்ரிட் 2-0 என்று வென்றது, ஃபிராங்க்ஃபர்ட் யூரோப்பா லீக்கோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. லெவர்குசன் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றதால் ஏழாவதாக வந்த ஹோஃபன்ஹைமுக்கு யூரோப்பா லீக், முதல்முறையாக முதல் டிவிஷனில் ஆடி எட்டாவதாக வந்த ஹைடன்ஹைமுக்குக் கான்ஃபரன்ஸ் லீக். ஒரு கிளப்பின் வெற்றி இன்னொரு ஊரின் அடுத்த வருடத்தை மாற்றிவிடும். கடைசி வாரங்களில் எட்டாம் இடம் வரை பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சாதனையையும் தகுதியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

மே 9, ரோமாவோடு அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் லெவர்குசன் 2-0 என்று வென்றிருந்தது. இங்கே ரோமா இரண்டு பெனால்டி அடித்து கூட்டுக் கோலைச் சமன் செய்தது. 82ஆம் நிமிடம் ரோமாவின் சொந்தக் கோல், மறுபடியும் லெவர்குசன் முன்னிலை. அந்த நிலையில் அன்றைய ஆட்டத்தில் தோற்றாலும் இறுதிக்குப் போய்விடலாம். ஆனால் கூடுதல் ஏழாவது நிமிடத்தில் மறுபடியும் ஸ்டானிசிச், 2-2. அந்தக் கோல் தகுதிக்குத் தேவைப்படவில்லை. எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 49 ஆட்டம் தோல்வியில்லை என்ற சாதனைக்குத் தேவைப்பட்டது. 1960களில் பென்ஃபிகா வைத்திருந்த 48ஐ அது தாண்டியது.

அந்தத் தொடர் 51இல் நின்றது. மே 22, டப்ளின், யூரோப்பா லீக் இறுதி. ஜியான் பியரோ காஸ்பெரினியின் அட்டலாண்டா ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு மூச்சு விடவே இடம் கொடுக்கவில்லை. அடெமோலா லுக்மன் 12, 26, 75ஆம் நிமிடங்களில் மூன்று கோல். 3-0. இந்த ஆட்டத்தைத் தேடிப் பிடித்து முழுசாகப் பாருங்கள் என்பேன். ஓர் அணி எப்படி ஜெயிக்கிறது என்பதை ஐம்பது ஆட்டம் காட்டியிருக்கலாம், அதை எப்படி நிறுத்துவது என்பதை இந்த ஒன்று காட்டும்.

மூன்று நாள் கழித்து, மே 25, பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் ஜெர்மன் கோப்பை இறுதி. ஜாக்கா முதல் கால் மணி நேரம் தாண்டியதும் தூரத்திலிருந்து ஒரு கோல். இடைவேளைக்கு ஒரு நிமிடம் முன்பு கொசுனுவுக்கு இரண்டாவது மஞ்சள். பத்துப் பேரோடு பாதி ஆட்டத்தைத் தாக்குப்பிடித்து 1-0. டப்ளினில் நொறுங்கிய கால்களோடு அதைச் செய்தார்கள் என்று தெரிந்து பார்ப்பவருக்கும், அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் போட்டுப் பார்ப்பவருக்கும் தெரிவது வேறு வேறு.

எங்கிருந்து தொடங்குவது

ஓர் அணியைத் தேர்ந்தெடுங்கள். உச்சியில் இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள், சாம்பியன்கள் நிலைத்திருப்பதில்லை. அடுத்த சீசனில் லெவர்குசன் ஆகஸ்ட் 31 அன்றே லைப்சிக்கிடம் 2-3 என்று தோற்றது, லீக்கில் இரண்டாவதாக முடித்தது, சாம்பியன்ஸ் லீக்கில் பேயர்னிடம் இரண்டு ஆட்டத்தில் 5-0 என்று வீழ்ந்தது, ஜெர்மன் கோப்பை அரையிறுதியில் மூன்றாம் டிவிஷனின் பீலஃபெல்டிடம் தோற்றது. 2025 கோடையில் அலோன்சோ ரியல் மாட்ரிட்டுக்கும் விர்ட்ஸ் லிவர்பூலுக்கும் போய்விட்டார்கள்.

ஐரோப்பாவில் ஆடுகிற நடுத்தர அணி என்றால் இன்னும் நல்லது, மூன்று போட்டிகளின் இழுபறியும் அங்கே பளிச்சென்று தெரியும். ஆகஸ்டில் அவர்களுடைய முதல் சுற்றுக் கோப்பை ஆட்டத்தைப் பாருங்கள். எதிரணி பெயரே கேள்விப்படாத அணியாக இருக்கும், பரவாயில்லை. செப்டம்பரில் முதல் ஐரோப்பிய ஆட்டம் வந்ததும் அதையும் அதை அடுத்த லீக் ஆட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டு பட்டியல்களையும் கையில் வைத்துக்கொண்டு. எல்லாவற்றையும் பார்க்க நேரம் கிடைக்காது. லீக்கில் சனி மாலை ஆட்டங்களை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள், வியாழன் ஆட்டங்களின் கடைசி அரை மணி நேரத்தை மட்டுமாவது பிடியுங்கள். குளிர்கால ஓய்வுக்கு முன்பு எந்த ஆட்டக்காரர் எந்தப் போட்டிக்கு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.